இறக்கத்தில் பாதி

மஞ்சக்கரட்டில் தேங்காய் உடைக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், வீட்டில் உடைத்தால் எப்படியோ போகட்டும், ஊருக்கு மேலே நிற்கிற மலையின் உச்சியில் காவக்கருப்பு குடியிருக்கிற கல்லில் உடைத்தால் கட்டாயம் மூடிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் நிலம் பிரிப்பதும் கிணறு பிரிப்பதும் அந்தக் கல்லில்தான். காயை உடைத்து, ஆளுக்கொரு மூடியை எடுத்து, எனக்கு இது உனக்கு அது என்று வாய்விட்டுச் சொல்லி, மூடியை மாற்றித் தின்றுவிட்டால் பங்கு முடிந்தது, அப்புறம் கோர்ட்டுக்குப் போனாலும் கலெக்டரிடம் போனாலும் அது அப்படித்தான். பிடிக்கவில்லையென்றால் அதே இரண்டு பேரும் மறுபடி மலை ஏறி, நல்ல காயாக இன்னொன்றை உடைத்து மாற்றித் தின்ன வேண்டும். ஒருத்தன் வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால் கருப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதையெல்லாம் கேட்டே வளர்ந்த இரண்டு பேர், கல்யாணமாகி மீசையில் நரை எட்டிப் பார்க்கிற ஆண்கள், ஓர் அக்னி நட்சத்திர வெயிலில் சைக்கிள் மிதித்து உச்சிக்குப் போய், பசிக்கு ஒரு காயை உடைத்துத் தின்கிறபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

ஒருத்தன் பவுன்ராசு, ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவன், சிரித்துச் சிரித்தே சரக்கை விற்கிறவன், உட்கார்ந்தே வளர்த்த தொப்பைக்குச் சொந்தக்காரன். இன்னொருத்தன் தவசி, ஒப்பந்த வேலையில் மின்கம்பம் ஏறுகிறவன், ஏறுவதைத் தவிர வேறு பெருமை இல்லாதவன். பவுன்ராசுக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னபோது, அவன் போடிக்குப் போய்த் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் இரண்டு வாங்கி வந்தான், ஒன்று தனக்கு, ஒன்று தவசிக்கு. தனியாகப் போனால் நாய் துரத்தும் என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் தவசி இல்லாமல் அவனுக்குச் சினிமா பார்க்கவே பிடிக்காது, இதில் சைக்கிளாவது ஒன்றாவது. அப்படிப்பட்ட சிநேகம் அது, அதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அன்றைக்கு வெள்ளென கிளம்பினார்கள். ஆட்டுத்தடம் மாதிரிக் கிடக்கிற பாதையில், உண்ணிச்செடி கையைக் கீற, உருட்டுக்கல்லில் டயர் வழுக்க, சுனைகள் எல்லாம் காய்ந்து வாய் பிளந்து கிடக்க, பவுன்ராசு கொஞ்ச தூரம் மிதித்தான், கொஞ்ச தூரம் தள்ளினான், அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து தன்னை இங்கேயே புதைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டான். தவசி சிரித்துக்கொண்டே தன் சைக்கிளைக் கொண்டுபோய் மேலே நிறுத்திவிட்டு, இறங்கி வந்து அவன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளி ஏற்றினான். இப்படியே மலை பூராவும் இரண்டு தடவை ஏறினான். அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உச்சியில் காற்று வந்தது. பவுன்ராசு கடையிலிருந்து எடுத்து வந்த காயைக் கருப்பின் கல்லில் போட்டு உடைத்து, ஒரு மூடியைத் தவசியிடம் கொடுத்தான்.

"ஏறுறதுக்குன்னே ஒன்னயப் பெத்துருக்காடா ஒங்காத்தா" என்றான் பவுன்ராசு, வாய் நிறையத் தேங்காயோடு. "எனக்கெல்லாம் எறக்கந்தான் மாப்ள. சும்மா உக்காந்தா அதுவா போகணும்."

"அப்பிடியே வச்சுக்க" என்றான் தவசி. "ஏத்தம் பூராம் நான் எடுத்துக்கிறேன், எறக்கம் பூராம் ஒனக்கு. போதுமாடா?"

"பெறகு பேச்சு மாறக் கூடாது."

"இந்தா, பிடி" என்று தவசி, தன் மூடியில் பருப்பு கனமாக இருந்ததால், அதை அவனுக்குக் கொடுத்து, அவன் கடித்து வைத்த மெல்லிய மூடியைத் தான் வாங்கித் தின்றான். கல்லுக்கு அடியில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கத் தொடங்கியதும் பவுன்ராசு காற்றாகப் போனான், ஊளையிட்டுக்கொண்டே பாறைக்குப் பாறை தாவிப் போனான், அடிவாரத்தில் நிற்கவில்லை, சமதளத்து ரோட்டில் நிற்கவில்லை, தன் கடையைத் தாண்டி, வாசலில் நின்ற தன் பெண்டாட்டியைத் தாண்டி, பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையில் மிதிக்காமலேயே ஏறி, அந்தப் பக்கத்துச் சேற்றில் போய் விழுந்த பிறகுதான் நின்றான். தவசியோ மலையின் முதல் சரிவிலேயே பிரேக்கைப் பிடித்திருக்கிறோமோ என்று பார்த்தான், பிடிக்கவில்லை, செயினைப் பார்த்தான், நன்றாக இருந்தது, ஆனாலும் கீழே போகிற பாதை அவன் முன்னால் எழுந்து நின்றது. முதல் கியரில் எழுந்து நின்று மிதித்து மிதித்து அவன் கீழே ஏறி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, வாசலில் இருந்து அடுப்படிக்குப் போகிற வழியும் அவனுக்கு ஏற்றமாக இருந்தது.

மஞ்சக்கரடு இதற்காக வாயைப் பிளந்துவிடவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, காய் உடைக்கும்போது பேசினீர்களா என்பதுதான், பேசினோம் என்று சொன்னதும், பிறகென்ன, பங்கு முடிந்துவிட்டதே என்று கலைந்து போனார்கள். பவுன்ராசு தூங்கும்போது உருண்டு தெருவுக்கு வந்துவிடாதபடி அவன் பெண்டாட்டி அவனைச் சேலையால் கட்டிலோடு கட்டினாள், அவன் வீட்டுச் சுவர்களில் வைக்கோல் பிரி சாத்தினார்கள், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவன் கால் ஊன்ற ஒரு கட்டை அடித்தார்கள். தவசி வீட்டில் கட்டிலில் இருந்து வாசல்வரைக்கும் ஒரு கயிறு ஓடியது, அதைப் பிடித்துப் பிடித்து அவன் ஏறினான். ஒருநாள் பழக்கதோஷத்தில் கம்பம் ஏறிவிட்டான், ஏறியதும் இறங்குகிற வழியும் ஏற்றமாகிவிட்டதால் மேலேயே உட்கார்ந்திருந்தான், கயிறு கட்டி மூட்டை மாதிரி இறக்கினார்கள், அதோடு அந்த வேலை போயிற்று. பஸ்ஸில் அவன் ஏறினால் சமரோட்டிலும் வண்டி முதல் கியரில் முனகியது, கண்டக்டர் நல்ல மனிதர், கையெடுத்துக் கும்பிட்டு இறங்கிக்கொள்ளச் சொன்னார். பவுன்ராசு ஏறினால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார், அவனை ஏற்றிக்கொள்ள இரண்டு பஸ்காரர்களுக்குள் அடிதடியே நடந்தது.

ஆனால் ஒன்று, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டால் ரோடு ரோடாக இருந்தது. அதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், அந்த முதல் வருஷம் பூராவும் புதுப்பெண்டாட்டி புதுமாப்பிள்ளை மாதிரி கைகோத்துக்கொண்டே திரிந்தார்கள், டீக்கடைக்கு, கண்மாய்க்கு, இழவு வீட்டுக்கு. காலையில் பவுன்ராசு தவசியின் வாசலுக்கு வந்து, "எந்திரிடா மாப்ள, தெருவ நேராக்குவோம்" என்று கையை நீட்டுவான். கைகோத்தால்தான் சரியாகிவிடுகிறதே, என்ன அவசரம், வருஷம் திரும்பட்டும், மறுபடி மேலே போய்க் காய் மாற்றிக்கொள்வோம் என்று இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள். தவசி அந்த நாட்களில் சந்தோஷமாகவே இருந்தான் என்று சொன்னால் அது பொய் இல்லை.

பிறகு ஊர் யோசிக்க ஆரம்பித்தது. ஊர் யோசிக்க ஆரம்பித்தால் யாருக்காவது கேடுதான்.

பாம்பு கடித்த ஒருத்திக்கு மருந்து வேண்டியிருந்தது, பஸ் வருகிற நேரம் இல்லை, பவுன்ராசு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான், போகும்போது ரோடு போடிப் பக்கம் சரிந்தது, மருந்தோடு திரும்பும்போது ஊர்ப்பக்கம் சரிந்தது, அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து அவசரம் என்றால் பவுன்ராசு, கல்யாணப் பத்திரிகை என்றால் பவுன்ராசு, கோயில் சப்பரத்துக்கு முன்னால் மாலையோடு பவுன்ராசு, பஞ்சாயத்துத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் பவுன்ராசு. அவன் வியர்வை இல்லாத வெள்ளைச் சட்டையோடு எங்கும் முதலில் வந்து சேர்ந்தான், அவன் கைகள் எப்போதும் யாருடைய சாமானையாவது பிடித்துக்கொண்டிருந்தன, தவசியின் வாசலுக்கு வருகிற காலைகள் குறைந்து, வாரத்துக்கு ஒன்றாகி, திருவிழாவுக்கு ஒன்றாகின.

தவசியை ஊர் வீணாக விடவில்லை. கருப்புக்கு மலை ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, முழங்கால் வலியாலும் சோம்பலாலும் ஏறாமல் கிடந்தவர்கள் ஊரில் நிறைய. அதில் ஒருத்தி, மகளுக்கு வரன் அமையாத ராக்காயி, ஒரு மஞ்சள் துணியோடு வந்து தவசியின் கையில் கட்டினாள்.

"நீதான் எப்பிடியும் ஏறிக்கிட்டேதான இருக்கப்பா" என்றாள். "எங்க வேண்டுதலயும் சேத்து ஏறிரு. ஒனக்கென்ன, கூடுதல் சொமையா?"

அடுத்த முகூர்த்தத்திலேயே அவள் மகளுக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், போர் போட்டுத் தண்ணீர் வராதவன் வந்தான், குவைத்துக்கு விசா வராதவன் வந்தான், பிள்ளை இல்லாதவள் வந்தாள், பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்காதவள் வந்தாள், தவசியின் இரண்டு கையும் தோள்வரைக்கும் மஞ்சள் முடிச்சாயின, அவன் கொல்லைக்குப் போகிற நடையும் யாரோ ஒருத்தருடைய நேர்த்திக்கடனாக இருந்தது. வேண்டுதல் பலித்த வீடுகளில் பொங்கல் வைத்தார்கள், முதல் கரண்டி பவுன்ராசுக்குப் போனது, ஏனென்றால் அவன்தான் முதலில் வந்து சேருவான், தவசி ஏறி வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தவசியின் பெண்டாட்டி வனராணி கவிழ்த்த சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் சாந்தமானவள் என்று பெயரெடுத்திருந்தாள், அந்தப் பெயர் அந்த வருஷத்தோடு போயிற்று.

தவசிக்கு நெஞ்சு வலி கண்டபோது அவனை ஸ்ட்ரெச்சரில் போட்டு போடிக்குத் தூக்கிப் போனார்கள், தூக்கியவர்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளிவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மலை ஏறி ஏறி வீங்கிய நெஞ்சு இது, இனிமேல் ஏறினால் அதிக நாள் தாங்காது, பேசாமல் உட்கார்ந்திருங்கள் என்றார். "உக்கார்ற எடத்துக்கும் ஏறித்தான் சார் போகணும்" என்றான் தவசி.

வனராணி அன்றைக்கே நேராகக் கடைக்குப் போனாள். பவுன்ராசு கட்டையில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தான், எடை போட்டுக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானான்.

"அண்ணே, அவரு செத்துருவாரு" என்றாள். "ஒரு நாளு மேல வந்து காய மாத்திக் குடுங்க. ஒங்களுக்கு அந்த மலையும் எறக்கந்தான, கொஞ்சம் முன்னால சாஞ்சாப் போதும்."

"வராமலா தங்கச்சி? அவன் என் உசுருல்ல" என்றான் பவுன்ராசு, கண்ணில் தண்ணீர் நின்றது, பொய்த் தண்ணீர் இல்லை. "இந்தப் பங்குனிப் பொங்கல் மட்டும் முடியட்டும். ஊரு வேல பூராம் என் தலமேல கெடக்கு."

பங்குனி முடிந்தது, வைகாசி வரட்டும் என்றான். வைகாசியில், ஆடி முடியட்டும் என்றான். வனராணி ஊர்க்கூட்டத்தைக் கூட்டினாள், கூட்டத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், ஆனால் பங்கு என்பது இரண்டு பேர் மனசொத்துச் செய்த காரியம், கட்டாயப்படுத்தினால் கருப்புக்கு ஆகாது என்று சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேரின் துணி தவசியின் கையில் இருந்தது. மீதிப்பேர் அன்றைக்குக் காலையில் பவுன்ராசு கொண்டுவந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவர்கள்.

ஆடியும் போய், அடுத்த சித்திரையும் வந்த பிறகு, கடைசியில் தவசியே போனான். அதே தெருவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்த பவுன்ராசின் கடைக்கு, விடியலில் கிளம்பி வெயில் உச்சிக்கு வரும்போது போய்ச் சேர்ந்தான். வாசலில் விழுந்து கிடந்தவனைப் பார்த்ததும் பவுன்ராசு கட்டையை விட்டுக் காலை எடுத்து ஓடிவந்து கட்டிக்கொண்டான், கட்டிக்கொண்டதும் தெரு சமமாகிவிட்டது, வெகுநாளைக்குப் பிறகு தவசியின் நெஞ்சு சாதாரணமாக அடித்தது. இரண்டு பேரும் விட மனசில்லாமல் அப்படியே நின்று அழுதார்கள்.

"நாளைக்கே போறோம்டா" என்றான் பவுன்ராசு. "கருப்பு மேல சத்தியம். அதே சைக்கிள்ல, அன்னைக்குப் போன மாதிரியே."

சேதி பரவியதும் அன்று சாயங்காலமே தவசி வீட்டு முன்னால் வரிசை நின்றது, நாளையோடு இல்லாமல் போய்விடுமே என்று மிச்சமிருந்த வேண்டுதல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள், கையில் இடமில்லை என்று கணுக்காலில் கட்டினார்கள். "நல்லபடியாப் போயிட்டு வாப்பா, போற வழியில எங்களுதையும் நெனச்சுக்க" என்றார்கள். வனராணி விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மறுநாளும் சித்திரை வெயில்தான். தவசிக்கு மலையும் தெருவும் ஒன்றுதான் என்பதால் மலையைக் கண்டு அவன் மலைக்கவில்லை, சைக்கிளை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் மிதித்து, நிறையத் தூரம் தள்ளிப் போனான். பவுன்ராசு பெடலில் இருந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி மலைமேலே வழுகிப் போனான், முன்னால் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பான், தவசி வந்து சேர்ந்ததும் மரத்தை விடுவான். போகும் வழியெல்லாம் பேசினான், பள்ளிக்கூடத்தில் சேர்ந்து திருடிய மாங்காயைப் பற்றி, சினிமாக் கொட்டகையில் வாங்கிய அடியைப் பற்றி, அவனுக்கு மூச்சு இருந்தது, பேசினான்.

"மாப்ள" என்றான் தவசி, பாதி மலையில், உதடு நீலமாகி. "கையக் குடுறா கொஞ்சம்."

"ஒத்தக் கையில பிரேக் புடிக்க முடியாதுடா, ரெண்டு பேரும் கவுந்துருவோம்" என்றான் பவுன்ராசு. "இந்தா வந்துருச்சு, இன்னங் கொஞ்சந்தான்."

உச்சியில் அதே காற்று வந்தது. தவசி கல்லின் பக்கத்தில் மண்ணில் குப்புறக் கிடந்தான், மூச்சு திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, சிரித்தான், பவுன்ராசு ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, சைக்கிளில் இருந்து இறங்காமலேயே பையில் கைவிட்டுக் காயை எடுத்தான். குனிந்து கல்லில் போட்டான். காய் உடைந்ததும் நாற்றம் எழுந்தது, உள்ளே பருப்பு கரேலென்று கூழாகி வழிந்தது.

அந்த ஊரில் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் தேங்காய் எடுக்கிறவன் கிடையாது, பச்சைப்பிள்ளைகூட ஆட்டிப் பார்க்கும், மளிகைக்கடைக்காரன் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான். தவசி உடைந்த காயைப் பார்த்தான், பவுன்ராசைப் பார்த்தான்.

"ஆட்டிப் பாக்கலையாடா?"

"அவசரத்துல மறந்துட்டேன் மாப்ள" என்றான் பவுன்ராசு, சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே. "அழுகின காயி ஆகாதுல்ல. ஆடியில வருவோம். நல்ல காயாப் பாத்து நானே எடுத்து வைக்கிறேன்."

தவசி வையவில்லை. ஒரு மூடியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கரியதை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டு, கண்ணில் நீர் வர விழுங்கினான். இன்னொரு மூடியை நீட்டினான்.

"ஆகுதோ ஆகலையோ, நீ வாயில வையி. எறக்கத்துல பாதி வேணாம்டா. கால்வாசி குடு. வீட்டுக்குப் போற தூரம் மட்டும் குடு, போதும். சொல்லுடா, ஒரு வார்த்த சொல்லு."

பவுன்ராசின் வாய் திறந்தது, ஏதோ சொல்லத்தான் திறந்தது, அவனுக்கு அழுகை வந்தது, அவன் கையும் அந்த மூடியை நோக்கிப் பாதி தூரம் வந்தது. அவன் ஓடிவிட்டான் என்று பின்னால் சொன்னவர்களுக்குத் தெரியாது, அவன் ஓடவில்லை, தரையில் ஊன்றியிருந்த காலை எடுத்தான், அவ்வளவுதான். மலை மீதியைப் பார்த்துக்கொண்டது. பாறைக்குப் பாறை தாவி அந்த வெள்ளைச் சட்டை போய்க்கொண்டே இருந்தது, வளைவில் மறைகிற இடத்தில் அவன் கத்தினது காற்றில் ஏறி வந்தது.

"பாத்து பத்திரமா வாடா மாப்ள!"

தவசி மூடியைக் கல்லின் மேல் வைத்தான். கை முடிச்சுகளையும் கால் முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காற்றில் விட்டான், மஞ்சள் துணிகள் எல்லாம் ஊர்ப்பக்கமாகவே இறங்கிப் பறந்தன. கீழே அவன் வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது, வனராணி சோறு வைத்திருப்பாள், இன்றைக்குக் கறி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். சைக்கிளைத் திருப்பினான், பாதை எழுந்து நின்றது, கீழே தெரிந்த அந்த வீட்டை நோக்கி அவன் ஏறத் தொடங்கினான்.